படிப்போர் கருத்தும் இலக்கிய வரலாறும்: மருட்கை, அச்சம், அறிவியற் கதைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

இலக்கிய வரலாறு எழுதப் புகுவோர் இருவகைச் சான்றுகளைப் பெரிதும் நாடுவர். நூல்கள் ஒரு வகை; அந்நூல்களைப் பற்றிக் கற்றறிந்தோர் எழுதிய திறனாய்வுகள் மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாகவும் ஒரு சான்று உண்டு. ஒரு நூலைப் படித்து முடித்தவர், நண்பருக்கு எழுதும் மடலிலோ, இதழாசிரியருக்கு விடுக்கும் கடிதத்திலோ, 'இது நன்று' என்றும், 'இது என் மனத்திற்கு ஒவ்வவில்லை' என்றும், 'இதனைப் படித்தபின் உறக்கம் வரவில்லை' என்றும் போகிற போக்கில் கூறிவிடும் கருத்தே அது. அஃது ஆராய்ந்து கூறப்பட்டதன்று. நிலைத்தல் வேண்டும் என்னும் நோக்குடன் எழுதப்பட்டதும் அன்று. ஆதலின் ஆராய்ச்சியாளர் அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

காப்பியம், நாடகம் முதலிய உயர்நிலை இலக்கியங்களுக்கு இப்புறக்கணிப்பால் பேரிழப்பு நேர்வதில்லை. அவற்றைப் பற்றிக் கற்றோர் எழுதியவை மிகப் பல. ஆயின், மேலைநாட்டுக் கற்றோர் நெடுங்காலம் ஏறெடுத்தும் பாராத கதை வகைகள் மூன்று உள. உலகில் இல்லாத நிலத்தையும் உயிரையும் படைத்துக் காட்டும் கதை ஒன்று; பேயும் மாயமும் கூறி நடுக்கம் விளைக்கும் கதை ஒன்று; அறிவியல் கண்டதையும் இனிக் காணக்கூடுவதையும் களமாகக் கொண்ட கதை ஒன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் வேறுவேறாக வைத்து எண்ணினார். அப்பெயர்களைக் கடனாகக் கொண்டு, முதல் வகையை மருட்கைக் கதை என்றும், இரண்டாவதை அச்சக் கதை என்றும், மூன்றாவதை அறிவியற் கதை என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இம்மூவகைக் கதைகளுக்கும் முதற் திறனாய்வாளராக அமைந்தோர் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த எளிய வாசகரே. அவர்தம் கருத்துகள் இவ்விலக்கிய வகைகளின் வரலாற்றில் என்ன செய்தன, அவற்றை ஆராய்ச்சியாளர் எவ்வளவு நம்பலாம் என்னும் இரண்டு வினாக்களுக்கு இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய இரு நாடுகளின் வரலாற்றிலிருந்து விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஒட்ராண்டோக் கோட்டையும் கேம்பிரிட்சு மடலும்

ஆங்கிலத்தில் அச்சக் கதையின் தோற்றத்தை ஓரசு வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோக் கோட்டை' என்னும் நூலில் காண்பது மரபு. 1764 டிசம்பர் இறுதியில் அந்நூல் வெளிவந்தது. வால்போல் தம் பெயரை மறைத்து, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு இஃது என்று முகப்பில் பொறித்தார். நூல் வெளிவந்த சில நாட்களிலேயே, டிசம்பர் 30ஆம் நாள், கேம்பிரிட்சிலிருந்து கவிஞர் தாமசு கிரே அவருக்கு ஒரு மடல் விடுத்தார். அந்நூல் தம்முள் சிலரைக் கண் கலங்கச் செய்தது என்றும், இரவில் படுக்கைக்குச் செல்லவே எல்லோரும் அஞ்சுகின்றனர் என்றும் விளையாட்டாக அதில் குறிப்பிட்டார்.

இவ்விளையாட்டு மொழிக்குள் ஓர் அரிய செய்தி பொதிந்துள்ளது. அச்சக் கதையின் பயன் அச்சம் விளைத்தல் என்பதையும், அப்பயன் எய்தப்பெற்றது என்பதையும் அது கூறிவிடுகிறது. அதே காலத்துத் திறனாய்வாளர் நிலையை இதனுடன் ஒப்பிட்டுக் காண்க. 'மன்த்லி ரெவ்யூ' என்னும் இதழ், நூலைப் பழம்பொருள் எனக் கருதியவரையில், அதன்கண் உள்ள இயற்கை இறந்த நிகழ்ச்சிகளைப் பொறுத்துக்கொண்டு பாராட்டியது. 1765இல் இரண்டாம் பதிப்பு வந்து, நூல் அக்காலத்தவர் ஒருவரின் படைப்பே என்பது வெளிப்பட்டவுடன், அறிவு வளர்ந்த காலத்தில் ஒருவர் இத்தகைய மூடநம்பிக்கைகளுக்கு மீண்டும் உயிரூட்டலாமோ என்று அதே இதழ் கடிந்தது. எழுத்து மாறவில்லை, எழுதியவர் காலம் பற்றிய செய்தியே மாறியது. அதனோடு திறனாய்வாளர் தீர்ப்பும் மாறிற்று. கிரே எழுதியதோ தீர்ப்பு அன்று; தமக்கும் தம் சூழலினர்க்கும் நேர்ந்ததைக் கூறிய சான்று. நேர்ந்தது பின்னர் நேராததாகிவிடாது. ஆதலின் அச்சான்று இன்றும் மாறாது நிற்கிறது.

3. ஏழு நூல்களின் பட்டியல்

அடுத்து, சேன் ஆஸ்டின் எழுதிய 'நார்த்தாங்கர் ஆபி' என்னும் புதினத்தை நோக்குவோம். அது 1817 டிசம்பரில், ஆசிரியர் மறைந்த சில திங்கள்களுக்குப் பின்னர் வெளிவந்தது. முகப்பில் 1818 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டது. எழுதப்பெற்றதோ அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர். அதன்கண் இளம்பெண்டிர் இருவர் அச்சக் கதைகளைப் பற்றி உரையாடுமிடத்து, அவருள் ஒருத்தி, தன் தோழி அடுத்துப் படிக்கவேண்டிய ஏழு நூல்களின் பெயர்களைக் கூறுகிறாள். அவை யாவும் நடுக்கந்தருவனவே என்று அவள் உறுதியளிக்கிறாள். தான் படியாத நூல்களுக்கு, படித்த வேறொரு தோழியின் சொல்லையே சான்றாகக் காட்டுகிறாள்.

பிற்காலத்தார் இப்பட்டியலை நகைச்சுவை கருதி ஆஸ்டினே புனைந்தது என்று நெடுங்காலம் கருதினர். அவ்வேழு நூல்களும் அத்துணை மறக்கப்பட்டிருந்தன. 20ஆம் நூற்றாண்டில் மாண்டேகு சம்மர்சு, மைக்கேல் சாட்லீர் ஆகியோர் தேடி ஆராய்ந்தபொழுது ஏழும் உண்மையில் அச்சேறிய நூல்களே என்பது தெளிவாயிற்று. சாட்லீர் இதுபற்றித் தனிக்கட்டுரையொன்றை 1927இல் வெளியிட்டார். ஆஸ்டின் 1798இல் தம் தமக்கைக்கு எழுதிய மடலொன்றில், தம் தந்தையார் 'நள்ளிரவு மணி' என்னும் கதையை நூலகத்திலிருந்து பெற்றுப் படிப்பதாகக் குறித்துள்ளார். அதுவும் அவ்வேழனுள் ஒன்றே. குடும்பத்தினர் படித்த நூலையே ஆஸ்டின் கதையில் ஏற்றினார் என்பது இதனால் புலனாகும்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்று. அவ்வேழு நூல்களையும் மறதியிலிருந்து மீட்டது திறனாய்வு நூல் எதுவும் அன்று. ஒரு வாசகி மற்றொரு வாசகிக்குக் கூறும் எளிய பரிந்துரையின் வடிவே அவற்றின் பெயர்களைக் காத்து வைத்தது. நூல் மறைந்தபின்னும் நூலைப் பற்றிய பேச்சு வாழ்தல் கூடும். அப்பேச்சே நூலுக்கு வழிகாட்டுதலும் கூடும்.

4. மரக்கூழ்த்தாள் இதழ்களும் கடிதப் பக்கமும்

18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் படிப்போர் கருத்து மடல்களிலும் வீட்டுப் பேச்சிலும் அடங்கிக் கிடந்தது. அஃது அச்சேறுதற்கு வழிவகுத்தவை அமெரிக்காவில் தோன்றிய மலிவு விலைக் கதை இதழ்களாகும். 'ஆர்கசி' என்னும் இதழ் 1896 முதல் மரக்கூழால் ஆகிய மட்டமான தாளில் முழுதும் கதைகளையே அச்சிட்டு வெளிவந்தது. அதனைப் பின்பற்றிப் பல இதழ்கள் எழுந்தன. அவற்றின் இறுதிப் பக்கங்களில் வாசகர் கடிதங்களுக்கு இடமளிக்கும் வழக்கம் பரவியது. பதிப்பாளர் இதனைச் செய்தது வணிக நோக்கம் பற்றியே. எக்கதையை மக்கள் விரும்புகின்றனர் என்பதைச் செலவின்றி அறிதற்கு அஃது ஏற்ற வழியாயிற்று.

1913இல் 'ஆர்கசி' இதழின் கடிதப் பக்கத்தில் ஒரு பூசல் மூண்டது. அவ்விதழில் பெரிதும் இடம்பெற்றுவந்த பிரெட் சாக்சன் என்பாரின் காதற் கதைகளைக் கடிந்து, பிராவிடன்சு நகரத்து இளைஞர் ஒருவர் கடிதம் எழுதினார். அவர்தம் பெயர் எச். பி. லவ்கிராஃப்ட், அப்பொழுது அகவை 23. பள்ளிக் கல்வியையும் முடிக்காது வீட்டினுள் ஒடுங்கி வாழ்ந்த அவருக்கு எதிராகப் பலர் எழுந்தனர். புளோரிடாவிலிருந்து சான் இரசல் என்பார் செய்யுளிலேயே மறுத்தெழுத, லவ்கிராஃப்டும் செய்யுளிலேயே விடையிறுத்தார். இப்பூசல் 1914 வரை நீண்டது. இதனைப் படித்துவந்த எட்வர்டு தாசு என்பார், தொழில்முறை எழுத்தாளர் அல்லாதார் நடத்திவந்த இதழாளர் கழகம் ஒன்றில் சேருமாறு லவ்கிராஃப்டை அழைத்தார். 1914இல் அவர் அக்கழகத்திற் சேர்ந்தார். மீண்டும் கதை எழுதும் ஊக்கம் அவருக்கு அக்கழகத்தாரிடமிருந்தே கிட்டியது. 'இலக்கியத்தில் இயற்கை இறந்த அச்சம்' என்னும் அவர்தம் ஆராய்ச்சிக் கட்டுரையும் 1927இல் அக்கழகத்து நண்பர் ஒருவர் அச்சிட்ட இதழிலேயே வெளிவந்தது. காதற் கதை பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதிய கடிதம், பின்னாளில் அச்சக் கதைக்குத் தலைசிறந்த ஓர் ஆசிரியரையும் அதன் வரலாற்றாசிரியரையும் ஒருசேரத் தந்தது எனலாம்.

1923 மார்ச்சுத் திங்களில் சிக்காகோவில் 'வியர்டு டேல்சு' என்னும் இதழ் தொடங்கப்பெற்றது. மருட்கைக்கும் அச்சத்திற்குமே உரிய இதழ் அது. அதன் கடிதப் பக்கத்திற்குக் கழுகின் கூடு எனப் பொருள்படும் 'ஐரி' என்னும் பெயர் இடப்பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் இதழில் லவ்கிராஃப்டின் கடிதம் இடம்பெற்றது. ஐந்து கதைகளுடன் அவர் ஆசிரியருக்கு விடுத்த அக்கடிதத்தில், தம் கதையில் ஒரு நிறுத்தற்குறியை மாற்றுதற்கும் இசையமாட்டேன் என்று எழுதியிருந்தார். அடுத்த இதழிலேயே அவர்தம் 'தாகன்' என்னும் கதை அச்சாயிற்று.

1924இல் பார்ன்சுவொர்த்து ரைட் என்பார் அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று 1940 வரை நடத்தினார். வாசகர் பெரிதும் விரும்பிய கதை எது என்பதை அவர்தம் கடிதங்களைக் கொண்டு கணித்து அறிவிப்பது அவர் வழக்கம். அப்பக்கத்தில் ஆடவரும் பெண்டிரும், முதியோரும் சிறுவரும் ஒரே நிரையில் நின்று பேசினர். 1934 நவம்பர் இதழில் 17 அகவை நிரம்பிய இராபர்ட் பிளாக் என்னும் இளைஞர், இராபர்ட் ஓவார்டு படைத்த கோனன் என்னும் வீரனின் கதைகள் தமக்குச் சலித்துவிட்டன என எள்ளி எழுதினார். ஓவார்டின் கதைகளை விரும்பியோர் அவர்மீது சினந்தெழுந்தனர். 1935 சனவரி இதழில் அதே பிளாக் எழுதிய கதை வெளிவந்தது. நேற்றுக் கடிதப் பக்கத்தில் நின்றவர் இன்று கதைப் பக்கத்துக்கு உரியரானார். 1959இல் 'சைக்கோ' என்னும் புதினத்தை எழுதிப் புகழ்பெற்றவர் இவரே. வாசகர்க்கும் ஆசிரியர்க்கும் இடையே இருந்த சுவர் இவ்வகை இலக்கியத்தில் எத்துணை மெல்லியதாய் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

5. முகவரியால் விளைந்த கழகங்கள்

அறிவியற் கதைக்கெனத் தனியிதழ் முதன்முதல் 1926 ஏப்ரலில் தோன்றியது. கியூகோ கெர்ன்சுபாக் நடத்திய 'அமேசிங் ஸ்டோரீசு' என்பது அதன் பெயர். அதன் முதல் இதழில் வெர்ன், வெல்சு, போ ஆகியோரின் பழைய கதைகளே மறுபதிப்பாக வந்தன. 1927 சனவரியில் 'கலந்துரையாடல்' எனப் பொருள்படும் தலைப்பில் கடிதப் பக்கம் தொடங்கிற்று. கெர்ன்சுபாக் வானொலிக் கருவி வணிகத்திலும் மின்னியல் இதழ்களிலும் பழகியவர். கதையினால் அறிவியல் பரவவேண்டும் என்னும் கொள்கையினர். ஆகவே அறிவியற் பிழைகளைச் சுட்டும் கடிதங்களுக்கு அப்பக்கத்தில் தனி மதிப்பு இருந்தது.

எழுதுவோரின் முழு முகவரியும் அப்பக்கத்தில் அச்சிடப்பெற்றது. இச்சிறு வழக்கம் பெரும்பயன் விளைத்தது. ஒருவர் கருத்தைப் படித்து உடன்பட்டவரும் மாறுபட்டவரும் இதழாசிரியரை இடைநிறுத்தாது ஒருவருக்கொருவர் நேரே மடல் எழுதத் தலைப்பட்டனர். மடல்களிலிருந்து கழகங்கள் தோன்றின. அத்தகைய கடிதக் கழகம் ஒன்று 1930 மே திங்களில் 'காமெட்' என்னும் சிற்றிதழை வெளியிட்டது. வாசகரே தம்முள் நடத்திய அறிவியற் கதைச் சிற்றிதழ்களுள் அதுவே முதலாவது என்பர். அதன் ஆசிரியர் இரேமண்டு பாமர் 1938இல் 'அமேசிங் ஸ்டோரீசு' இதழுக்கே ஆசிரியரானார். கிளீவ்லாந்து நகரத்து மாணவரான செரி சீகல் என்பாரும் இத்தகைய வாசகருள் ஒருவரே. அவர் தம் நண்பர் சோ சூசுடருடன் தட்டச்சில் உருவாக்கிப் படியெடுத்த சிற்றிதழில் 1933இல் ஆற்றல் மிக்க மனிதன் ஒருவனைப் பற்றிய கதை வந்தது. அவ்விருவரும் அக்கருத்தை முற்றும் மாற்றியமைத்துப் படைத்த சூப்பர்மேன் 1938இல் சித்திரக் கதையாக வெளிவந்து உலகெங்கும் பரவினான்.

கெர்ன்சுபாக்கின் காலாண்டிதழ் மற்றொரு புதுமையையும் செய்தது. இதழின் தலையங்கத்தை எழுதும் பொறுப்பை வாசகர்க்கே அளித்து, சிறந்ததற்கு 50 டாலர் பரிசும் ஈந்தது. 1928இல் அப்பரிசு பெற்ற தலையங்கத்தை எழுதியவர் சாக் வில்லியம்சன் என்னும் இளைஞர். அவ்வாண்டு டிசம்பரில் அவர்தம் முதற் கதை வெளிவந்தது.

6. எல்லை வகுத்த பூசல்

இலக்கிய வகைகளின் எல்லையை வகுத்தல் இலக்கணம் வல்லார் தொழில் என்பது பொதுக்கருத்து. மருட்கை, அச்சம், அறிவியல் என்னும் மூன்றுக்கும் இடையே எல்லை எங்குள்ளது என்னும் வினாவை முதன்முதல் விரிவாக எழுப்பி வழக்காடியோர் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். பள்ளி மாணவரும் அஞ்சல்வழி நண்பருமே.

1933இல் நியூ செர்சி மாநிலத்தில் சார்லசு ஓர்னிக் என்னும் 17 அகவை இளைஞர் 'பேண்டசி பேன்' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். அதனைக் கண்டு வியந்த கெர்ன்சுபாக் தம் 'ஒண்டர் ஸ்டோரீசு' இதழுக்கு அவரையே நிருவாக ஆசிரியராக அமர்த்தினார். ஓர்னிக் தம் சிற்றிதழின் செப்டம்பர் இதழில் வாக்குவாதத்துக்கெனக் 'கொதிநிலை' எனப் பொருள்படும் பகுதியொன்றை வகுத்தார். அதில் பாரசுட்டு ஆக்கர்மன் என்னும் 16 அகவைச் சிறுவர் ஒரு குற்றச்சாட்டை முன்வைத்தார். கிளார்க் ஆசுடன் சுமித்து எழுதிச் செவ்வாய்க் கோளைக் களமாகக் கொண்ட ஒரு கதை 'ஒண்டர் ஸ்டோரீசு' இதழில் வெளிவந்திருந்தது. அக்கதை வெறும் அச்சக் கதை. அறிவியற் கதை இதழில் அதற்கு இடமில்லை என்பது ஆக்கர்மன் கட்சி.

லவ்கிராஃப்டும் அவர்தம் இளம் நண்பர் பார்லோவும் சுமித்தின் பக்கம் நின்று ஆக்கர்மனைத் தாக்கினர். 1934 பிப்ரவரி வரை இப்பூசல் நீடித்தது. இருசாராரும் கடுஞ்சொல் வழங்கினர் என்பது உண்மை. எனினும் அவற்றை நீக்கி நோக்கின், எஞ்சுவது செம்மையான இலக்கியச் சிக்கலே. ஒரு கதையின் வகையை உறுதி செய்வது அதன் களமா, அது விளைக்கும் உணர்ச்சியா? செவ்வாய்க் கோளில் நிகழ்வதனால் மட்டும் ஒரு கதை அறிவியற் கதை ஆகிவிடுமா? நம் மரபில் கூறின், நிலமும் பொழுதும் பற்றி வகைப்படுத்துவதா, மெய்ப்பாடு பற்றி வகைப்படுத்துவதா என்பதே வினா. இன்றைய பல்கலைக்கழகங்களில் இவ்வகை இலக்கியங்களைக் கற்பிப்போரும் இவ்வினாவினின்றே தொடங்குகின்றனர்.

இதன் பின்நிகழ்ச்சி ஒன்றும் குறிக்கத்தக்கது. அச்சத்திற்கு இடமில்லை என்று வழக்காடிய ஆக்கர்மனே 1958 முதல் அச்சத் திரைப்படங்களுக்கென நடந்த புகழ்மிக்க இதழொன்றின் ஆசிரியராக விளங்கினார். வாசகர் கருத்து அவர் ஒரு பருவத்தில் எங்கு நின்றார் என்பதைக் காட்டுமேயன்றி வாழ்நாள் முழுதும் எங்கு நின்றார் என்பதைக் காட்டாது. அதனைப் பயன்கொள்வோர் நாள் குறித்தே பயன்கொள்ளல் வேண்டும்.

7. எண்ணாக மாறிய கருத்து

'அஸ்டவுண்டிங்' என்னும் அறிவியற் கதை இதழ் 1930இல் தோன்றியது. 1937 இறுதியில் அதன் ஆசிரியரான சான் கேம்பல், வாசகர் கருத்தை முறைப்படுத்த எண்ணினார். 1938 மார்ச்சு முதல் 'பகுப்பாய்வுக் கூடம்' எனப் பொருள்படும் பகுதியைத் தொடங்கினார். வாசகர் தம் கடிதங்களில் ஓர் இதழின் கதைகளை முதலாவது, இரண்டாவது என நிரல்படுத்துவர். அந்நிரல் எண்களின் சராசரியைக் கணித்து, குறைந்த எண் பெற்ற கதையை முதலில் வைத்து கேம்பல் வெளியிடுவார். அக்கடிதப் பக்கத்தில் அடிக்கடி எழுதிய மாணவருள் ஐசக் அசிமோவ் ஒருவர். 1938 சூன் திங்களில் தம் முதற் கதையைக் கையிற்கொண்டு கேம்பலின் அலுவலகத்துக்கு நேரே சென்றார். அக்கதை ஏற்கப்படவில்லை. எனினும் கேம்பல் அவரை அமரவைத்து நெடுநேரம் உரையாடினார். அவர் கடிதங்களை முன்னரே படித்திருந்தார்.

கடிதத்தின் ஆற்றலுக்கு 1948ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். அவ்வாண்டு நவம்பர் இதழில் ஒரு வாசகரின் கடிதம் அச்சாயிற்று. அவர் ஓராண்டு கழித்து, 1949 நவம்பரில், வரவிருக்கும் இதழைத் தாம் படித்துவிட்டதாகப் பாவித்து, அதில் உள்ள கதைகளையும் ஆசிரியர்களையும் பெயர் கூறித் தரம் பிரித்திருந்தார். கேம்பல் அதனை நகைத்து விட்டுவிடவில்லை. 1949 நவம்பர் இதழ் வெளிவந்தபொழுது ஐன்லைன், அசிமோவ், வான் வோகட், சுடர்ஜன் முதலியோர் அவ்வாசகர் குறித்த தலைப்புகளிலேயே எழுதிய ஆக்கங்கள் அதில் இருந்தன. கருத்து கதைக்குப் பின் தோன்றுவது என்பதே உலக வழக்கு. இங்குக் கதை கருத்துக்குப் பின் தோன்றியது.

8. ஒரு சில்லிங் மதிப்புரை

இதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். 1936இல் ஆக்சுபோர்டுப் பேராசிரியர் தோல்கீன் எழுதிய 'ஆபிட்' என்னும் மருட்கைக் கதையின் கைப்படி பதிப்பாளர் சுடான்லி அன்வின் கைக்கு வந்தது. சிறுவர் நூலுக்குச் சிறுவரே தக்க நடுவர் என்னும் கருத்தினரான அவர், அதனைத் தம் பத்து அகவை மகன் இரேனரிடம் கொடுத்தார். மதிப்புரைக்கு ஒரு சில்லிங் கூலி. கதையைச் சுருங்கக் கூறிவிட்டு, நிலப்படங்கள் இருத்தலின் ஓவியம் தேவையில்லை என்றும், ஐந்து முதல் ஒன்பது அகவைச் சிறுவர் விரும்புவர் என்றும் அச்சிறுவர் எழுதிக் கொடுத்தார். நூல் 1937 செப்டம்பரில் வெளிவந்தது. பின்னர் வளர்ந்து பதிப்புத் தொழிலில் ஈடுபட்ட அதே இரேனர், தோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருநூலை ஆயிரம் பவுன் இழப்பு நேரினும் வெளியிடலாம் எனத் தந்தையிடம் பரிந்துரைத்தார். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் அது மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

9. வாசகரும் திறனாய்வாளரும்

அமெரிக்கத் திறனாய்வாளருள் பெரும்புகழ் பெற்ற எட்மண்டு வில்சன் இவ்விரு ஆசிரியரைப் பற்றியும் எழுதியுள்ளார். 1945இல் 'நியூ யார்க்கர்' இதழில் லவ்கிராஃப்டின் கதைகளைச் சுவையும் கலையும் அற்றவை எனப் பழித்தார். 1956இல் 'நேசன்' இதழில் தோல்கீனின் பெருநூலையும் அவ்வாறே எள்ளினார். பின்னர் நிகழ்ந்தவை வருமாறு. 1937இல் மறைந்த லவ்கிராஃப்டின் கதைகள் அழியாதிருத்தற்பொருட்டு, அவர்தம் மடல்வழி நண்பரான தெர்லெத்து, வாண்டிரை இருவரும் 1939இல் தாமே ஒரு பதிப்பகம் நிறுவி 1,268 படிகள் அச்சிட்டனர். 2005இல் 'அமெரிக்க நூலகம்' என்னும் செவ்விலக்கிய வரிசையில் அவர் கதைகள் சேர்க்கப்பெற்றன. அவ்வரிசைக்கு வேண்டுமென நெடுங்காலம் வாதாடியவருள் ஒருவர் வில்சனே என்பது நினையத்தக்கது. தோல்கீனின் நூல் 2003இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் நடத்திய பொதுமக்கள் வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது.

இவற்றைக் கொண்டு, வாசகர் என்றும் மெய்கூறுவர், திறனாய்வாளர் என்றும் பிழைப்பர் என முடிவு செய்தல் பொருந்தாது. லவ்கிராஃப்டின் கதைகளைப் பழித்த வில்சன், அச்சக் கதை பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறமிக்கது எனப் பாராட்டவும் செய்தார். மறுபுறம், 1936இல் 'அஸ்டவுண்டிங்' இதழ் லவ்கிராஃப்டின் 'பித்தின் மலைகள்' என்னும் நெடுங்கதையை வெளியிட்டபொழுது, வாசகருள் போற்றியோரும் இருந்தனர். கடுமையாகத் தூற்றியோரும் இருந்தனர். 1931இல் அதே கதையை 'வியர்டு டேல்சு' ஆசிரியர் ரைட் மறுத்திருந்தார். நீளம் மிகுதி என்பதும் பகுதிகளாகப் பிரித்தற்கு எளிதன்று என்பதும் அவர் கூறிய காரணங்கள் என லவ்கிராஃப்ட் தம் மடலில் குறித்துள்ளார். வாசகர் விருப்பத்தைக் கணக்கிடுதலிலேயே பழகிய ஆசிரியர், இன்று அவ்வாசிரியரின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுவதைக் கைவிட நேர்ந்தது.

10. பயன்கொள்ளும் முறை

மேற்கூறியவற்றால், படிப்போர் கருத்தைத் தீர்ப்பாகக் கொள்வதும், குப்பையெனத் தள்ளுவதும் ஒருங்கே குற்றமாதல் பெறப்படும். அதனைச் சான்றாகக் கொள்வதே நெறி. சான்றை ஆராயும் முறைகள் இதற்கும் பொருந்தும். எழுதாது படித்தோர் தொகை எழுதினோர் தொகையினும் பன்மடங்கு என்பதை மறத்தலாகாது. கடிதங்களைத் தெரிந்தெடுத்தவரும் சுருக்கியவரும் இதழாசிரியரே. அவர்க்கு விற்பனையில் நாட்டம் உண்டு. பாராட்டுக் கடிதத்தில் எழுத்தாளராகும் ஆசையும், பழிப்புக் கடிதத்தில் பெயர் அச்சில் காணும் ஆசையும் கலந்திருத்தல் கூடும். ஆகவே எழுதியவர் அகவை, எழுதிய நாள், வெளியிட்டவர் நோக்கம் ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே ஒரு கருத்தை ஆராய்ச்சிக்குக் கொள்ளல் வேண்டும்.

இவ்வாறு வடித்தெடுத்தபின் அச்சான்று வேறு எதனாலும் கிட்டாத செய்திகளைத் தரும். ஒரு நூல் தன் காலத்தாரை அஞ்சச் செய்ததா என்பதைக் கிரேயின் மடலால் அறிகிறோம். மறைந்த ஏழு நூல்களின் பெயர்களை ஓர் இளம்பெண்ணின் பேச்சால் அறிகிறோம். இலக்கிய வகையின் எல்லை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதைச் சிறுவர் பூசலால் அறிகிறோம்.

இத்தகைய சான்றுகளுக்கு இரு கேடுகள் உண்டு. மரக்கூழ்த்தாள் தன்னிடத்துள்ள அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குவது இயல்பு, இஃது ஒன்று. கதைகளைத் தொகுத்து மறுபதிப்புச் செய்வோர் கடிதப் பக்கங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர், இது மற்றொன்று. லவ்கிராஃப்டின் கடிதங்கள் மட்டும் அவர்தம் புகழ் கருதித் தொகுக்கப்பெற்றன: 'ஐரி'ப் பக்கத்தில் வந்தவை 1979இலும், 'ஆர்கசி'ப் பூசலில் எழுந்தவை 1994இலும் நூலாயின. புகழ்பெறாத பல்லாயிரவர் கருத்துக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

தமிழில் தொடர்கதை வரலாற்றை ஆராயப் புகும் மாணவர் இதனின்று ஒன்றைக் கொள்ளலாம். பழைய இதழைக் கையிலெடுக்கும்பொழுது, கதையை மட்டும் படியெடுத்துக்கொண்டு எஞ்சிய பக்கங்களைத் தள்ளிவிடுதல் கூடாது. இறுதிப் பக்கத்தில் சிற்றெழுத்தில் யாரோ ஒருவர் எழுதிய இரண்டு வரிகளும் இலக்கிய வரலாற்றின் பகுதியே. அவற்றைப் படியெடுத்து, நாளும் இதழும் குறித்து வைத்தல், இன்று சிறு பணியாகத் தோன்றினும், நாளை வருவோர்க்குச் செய்யும் பேருதவியாகும்.